பழைய கேம், புதிய திரை: எமுலேஷன் மென்பொருளும் தீமும் எங்கே பொருந்தும், எங்கே முட்டும்?

பழைய வீடியோ கேம்களை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியிலோ பரணில் கிடக்கும் லேப்டாப்பிலோ ஓட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தைப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள். சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், பிளேஸ்டேஷன் என்று லோகோக்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. ஒரு கேமின் மேல் நின்றால் அதன் அட்டைப் படமும் குட்டி வீடியோவும் வருகின்றன. "இது என்ன மென்பொருள்?" என்று கேட்டு, கிடைத்த பெயரைத் தேடி, மெமரி கார்டில் எழுதி, டிவியில் மாட்டிப் பார்த்தால் வேறு ஏதோ திரை வந்து நிற்கிறது.

மென்பொருளில் கோளாறு இல்லை. படத்தில் பார்த்தது மென்பொருளே அல்ல, அதன் மேல் போர்த்திய தீம். ஒரே தொகுப்பு பத்துத் தீம்களில் பத்து முகம் காட்டும். இரு வேறு தொகுப்புகள் ஒரே மாதிரித் தெரிவதும் உண்டு. அதனால் முதலில் அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். (ஒரு சொல் எச்சரிக்கை: 'தீம்' என்பதோடு 'ஐ' சேர்த்தால் 'தீமை' ஆகிவிடும். அந்த விபத்தைத் தவிர்க்கத்தான் கீழே சில இடங்களில் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறது.)

அடுக்குகள்

1. எமுலேட்டர்: பழைய கேம் பெட்டியின் சிப்களைப் போலவே நடிக்கும் நிரல். கேமை உண்மையில் ஓட்டுவது இதுதான்.

2. ரெட்ரோஆர்ச்: லிப்ரெட்ரோ என்ற பொது முறைப்படி எழுதிய எமுலேட்டர்களை 'கோர்' என்ற பெயரில் சொருகி ஓட்டும் நிரல். கன்ட்ரோலர் அமைப்பு, சேவ், திரை வடிப்பான் எல்லாம் எல்லாக் கோர்களுக்கும் ஒரே இடத்தில் கிடைக்கும். கேமுக்கு நடுவே ஹாட்கீ அழுத்தினால் வரும் மெனு இதனுடையது. ஆர்ஜியுஐ, எக்ஸ்எம்பி, ஓசோன் என்று அதற்கென்றே தனித் தோற்றங்கள் இருக்கின்றன. வெளியே போட்ட தீம் இந்த மெனுவைத் தொடாது. அழகான முகப்பிலிருந்து வந்தவர் திடீரென்று பழைய கணினி எழுத்தில் ஒரு மெனுவைக் கண்டு "தீம் உடைந்துவிட்டது" என்று நினைப்பது இதனால்தான்.

3. ஃப்ரன்ட்எண்ட்: கேம்களைப் பட்டியலிட்டு, தேர்ந்தெடுத்ததை எமுலேட்டரிடம் ஒப்படைக்கும் முகப்பு. இந்த உலகில் பெரும்பங்கு எமுலேஷன்ஸ்டேஷன் என்ற நிரலின் வாரிசுகளுடையது. தீம் என்பது இந்த அடுக்குக்கு மட்டுமே உரியது.

4. தொகுப்பு: மேலே சொன்ன எல்லாவற்றையும் லினக்ஸோடு கட்டி, கார்டில் எழுதத் தயாராகத் தருவது. ரெட்ரோபை, பட்டோசெரா, ரீகால்பாக்ஸ், லக்கா எல்லாம் இந்த வகை.

கேம் ஓடும்போது திரையின் இரு ஓரத்திலும் தெரியும் அலங்காரச் சட்டம் பெசல். அதுவும் தீமின் பகுதி அல்ல, ரெட்ரோஆர்ச் போடும் ஓவர்லே.

ஒரே குடும்பம், வெவ்வேறு வட்டார வழக்கு

ரெட்ரோபையும் பட்டோசெராவும் ரீகால்பாக்ஸும் எமுலேஷன்ஸ்டேஷனைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் அதைத் தனியே பிரித்து எடுத்துத் தன் விருப்பத்துக்கு வளர்த்திருக்கிறது. கணினியில் நேரடியாக நிறுவும் இஎஸ்-டிஇ இன்னொரு கிளை. தீம் கோப்பு நான்கிலும் எக்ஸ்எம்எல்தான் (குறிச்சொற்களால் எழுதும் உரைக்கோப்பு), ஆனால் ஒன்றில் இருக்கும் பல குறிச்சொற்கள் மற்றொன்றுக்குப் புரியாது. இஎஸ்-டிஇ தன் தீம் இயந்திரத்தை 2023-இல் வந்த 2.0 பதிப்பில் பெருமளவு மாற்றியது. நிறத் தொகுதி, திரை விகிதம், மாற்று அமைப்பு எல்லாவற்றையும் தீமே அறிவிக்கும் முறை அதில் வந்தது. அப்படி எழுதிய தீமைத் தூக்கிப் பட்டோசெராவில் போட்டால் வேலை செய்யாது. எதிர்த்திசையிலும் அதே கதை. (பாருங்கள், 'தீமை' எப்படியோ நுழைந்துவிட்டது.)

ஆகவே தீம் டவுன்லோடு செய்யும் முன் பார்க்க வேண்டியது அதன் படத்தை அல்ல, அது எந்தக் கிளைக்கு எழுதப்பட்டது என்பதை. லக்காவில் இந்தக் கேள்வியே எழாது. அதில் எமுலேஷன்ஸ்டேஷன் இல்லை, ரெட்ரோஆர்ச்சே முகப்பு. அழகு குறைவு, ஆனால் கெடுவதற்கும் அதிகம் இல்லை.

எந்தப் பெட்டிக்கு எது?

தேர்வு கையில் இருக்கும் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். மென்பொருளிலிருந்து தொடங்கினால் கடைசியில் பெட்டி வாங்கும் செலவில் போய் முடியும்.

ராஸ்பெர்ரி பை 3, பை 4: ரெட்ரோபை இன்றும் நல்ல தேர்வு. அதன் அடியில் சாதாரண ராஸ்பெர்ரி பை இயங்குதளம் இருப்பதால் எதையும் திறந்து மாற்றலாம். அந்தச் சுதந்திரமே அதன் சுமையும்கூட. மாற்றியதைச் சரிசெய்வதும் உங்கள் பொறுப்பு. அதன் 4.8 படக்கோப்பு (கார்டில் அப்படியே எழுதும் முழு இயங்குதளக் கோப்பு) 2022-இல் வந்தது. பை 5 வெளியானது 2023-இல். அந்தப் பழைய படக்கோப்பு பை 5-இல் பூட் ஆகாது. பை 5 வைத்திருப்பவர் இயங்குதளத்தின் லைட் பதிப்பை நிறுவி அதன் மேல் ரெட்ரோபை நிறுவல் நிரலை ஓட்டலாம். இல்லையென்றால் பை 5-க்கென்றே படக்கோப்பு தரும் பட்டோசெரா, ரீகால்பாக்ஸ், லக்கா பக்கம் போகலாம். முதல் முறை செய்பவர் இரண்டாவது வழியில் போவதே நல்லது.

பழைய 64-பிட் கணினி: பட்டோசெரா. ஒரு பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே ஓட்டலாம், உள்ளே இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். பூட் ஆகவில்லையென்றால் கணினியின் பயாஸ் அமைப்புத் திரையில் செக்யூர் பூட் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டோசெராவின் இயங்குதளப் பகுதி படிக்க மட்டுமே. கேம், சேவ், தீம் எல்லாம் 'யூசர்டேட்டா' பகுதியில் இருக்கும். எதையாவது தெரியாமல் மாற்றினாலும் ரீபூட் செய்தால் இயங்குதளம் பழைய நிலைக்கு வந்துவிடும். வீட்டுக்குழந்தைகள் கை வைக்கும் பெட்டிக்கு இது பெரிய வசதி.

அன்றாட வேலைக்கும் பயன்படும் கணினி: இஎஸ்-டிஇயும் ரெட்ரோஆர்ச்சும். இஎஸ்-டிஇ எமுலேட்டர்களைக் கூடவே தராது, அவற்றைத் தனியே நிறுவ வேண்டும். அதன் ஆண்ட்ராய்டு பதிப்பு காசு கொடுத்து வாங்குவது.

மலிவான சீனக் கைப்பெட்டிகள்: ஆர்36எஸ் போன்றவை ஆர்கே3326 சிப்பில் ஓடுபவை. ஆர்க்ஓஎஸ் போன்ற தொகுப்புகள் இவற்றுக்கானவை. ஒரே பெயரில் விற்கும் பெட்டிக்குள் வெவ்வேறு திரைப் பேனல்கள் இருக்கும். எந்தப் பேனல் என்று இயங்குதளத்துக்குச் சொல்வது டிவைஸ் ட்ரீ கோப்பு. அதன் பின்னொட்டு டிடிபி. புதிய கார்டு எழுதும் முன், பெட்டியோடு வந்த கார்டின் பூட் பகுதியிலிருந்து அந்தக் கோப்புகளை நகலெடுத்து வைக்க வேண்டும். எடுக்காமல் புதிதாக எழுதினால், ஒலி வரும், திரை கறுப்பாகவே இருக்கும். கூட வந்த கார்டும் பெரும்பாலும் மட்டமானது. நல்ல கம்பெனிக் கார்டுக்கு மாற்றுவதுதான் இந்தப் பெட்டிகளுக்குச் செய்ய வேண்டிய முதல் காரியம்.

பெட்டியின் வலிமையும் கணக்கில் வர வேண்டும். 8-பிட், 16-பிட் கேம்களுக்கும் முதல் பிளேஸ்டேஷனுக்கும் பை 3 போதும். நின்டெண்டோ 64 அதில் தடுமாறும். பிளேஸ்டேஷன் 2 வேண்டுமென்றால் கணினிதான்.

ஆர்கேட் கேம் ஓடவில்லையா? கோரைப் பாருங்கள்

வீட்டுப் பெட்டிக் கேமின் ரோம் கோப்பு (கேசட்டில் இருந்த கேமின் நகல்) அந்தப் பெட்டிக்கான எந்தக் கோரிலும் பெரும்பாலும் ஓடும். ஆர்கேட் கேம்கள், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடியவை, அப்படி அல்ல. மேம் என்ற எமுலேட்டர் தன் பதிப்புகளில் ரோம் தொகுப்பின் உள்ளடக்கத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. மேம் 2003 கோர் கேட்பது 0.78 தொகுப்பை. மேம் 2010 கேட்பது 0.139-ஐ. எஃப்பிநியோ என்ற மற்றொரு ஆர்கேட் கோர் எப்போதும் தன் புதிய பதிப்புக்கு ஏற்ற தொகுப்பையே கேட்கும். பொருந்தாவிட்டால் கேமை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து மீண்டும் பட்டியலுக்கே திரும்பும். அந்த ஜிப் கோப்புகளைப் பிரித்து வைத்தாலும் இதே கதிதான். பெயரை மாற்றினாலும் இதே கதிதான்.

பிளேஸ்டேஷனுக்கு அந்தப் பெட்டியின் பயாஸ் (தொடக்க நிரல்) கோப்பும் வேண்டும். அது ரோம் ஃபோல்டரில் அல்ல, பயாஸ் ஃபோல்டரில் இருக்க வேண்டும், பெயர் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். பட்டோசெராவின் மெனுவிலேயே எந்த பயாஸ் இல்லை என்று காட்டும் பட்டியல் இருக்கிறது.

தொண்ணூறுகளில் இங்கே 'டிவி கேம்' என்று விற்ற கேசட் பெட்டிகள் பெரும்பாலும் நின்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டியின் நகல்கள். அந்தக் கேம்களைத் தேடுபவர் பார்க்க வேண்டியது என்இஎஸ் (ஃபாமிகாமின் வெளிநாட்டுப் பெயர்) ஃபோல்டர்தான்.

சட்டம் பற்றி இரண்டு வரி. எமுலேட்டர் எழுதுவது குற்றமல்ல. அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில் 2000-இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு இதில் அடிக்கல். ரோமும் பயாஸும் பதிப்புரிமை உள்ளவை. யூசு எமுலேட்டர் குழு 2024-இல் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது புதிய பெட்டியான ஸ்விட்ச் தொடர்பானது. அடுத்த மாதமே ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் பழைய கேம் எமுலேட்டர்களை அனுமதித்தது. இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தீமுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு கேம் பெட்டிக்கும் ஒரு ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் லோகோ, பின்னணிப் படம், தீம் எக்ஸ்எம்எல் கோப்பு. பெரும்பாலான தீம்களில் இந்தச் சின்னக் கோப்புகள் பொதுவான ஒரு பெரிய கோப்பை இணைத்துக்கொள்ளும். அந்தப் பெரிய கோப்பில் ஒரு குறிச்சொல்லை மூட மறந்தால் போதும், எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் அலங்காரம் இழந்து வெறும் எழுத்தாக நிற்கும்.

இடம் குறிப்பது பிக்சலில் அல்ல, 0 முதல் 1 வரையிலான விகிதத்தில். கேம் பட்டியலுக்கு வலப்பக்கம் அட்டைப் படம் வைப்பதை எடுத்துக்கொள்வோம். இடம் 0.75, 0.45, ஆரிஜின் (படத்தின் எந்தப் புள்ளி அந்த இடத்தில் அமரும் என்பது) 0.5, 0.5, உச்ச அளவு 0.4, 0.5. இது 1920×1080 டிவியில் படத்தின் நடுப்புள்ளியை இடமிருந்து 1440, மேலிருந்து 486 பிக்சலில் வைக்கும். படம் 768×540-க்குள் அடங்கும். இதில் மூன்று இடங்களில் வழுக்கும்:

1. ஆரிஜின் விட்டுப்போனால் அது பெரும்பாலும் 0, 0 என்று எடுத்துக்கொள்ளப்படும். அப்போது 1440, 486 என்பது படத்தின் மேல் இடது மூலையாகிவிடும். படத்தின் ஒரு பகுதி திரைக்கு வெளியே போவது இதனால்.

2. உச்ச அளவுக்குப் பதில் வெறும் அளவு கொடுத்தால் படம் அந்தக் கட்டத்துக்கு இழுபடும். நீள அட்டை குட்டையாகத் தெரியும். வெறும் அளவுதான் வேண்டுமென்றால் ஒரு எண்ணை 0 ஆக விடுங்கள், விகிதம் காக்கப்படும்.

3. எழுத்தின் அளவு திரை உயரத்தின் விகிதம். 0.03 என்பது 1080 உயரத்தில் சுமார் 32 பிக்சல், படிக்கலாம். 640×480 கைப்பெட்டியில் அதுவே 14 பிக்சல். டியூப் டிவிக்கு 240 வரியில் அனுப்பினால் 7 பிக்சல், புள்ளிகளாகத்தான் தெரியும். டிவிக்காக வரைந்த தீம் கைப்பெட்டியில் உதவாமல் போவதற்கு முதல் காரணம் இந்த எண்தான். கைப்பெட்டியில் 0.05-க்குக் குறையாமல் வையுங்கள்.

சொந்தமாக மாற்றும் வரிசை

வெற்றுத் தாளில் தொடங்க வேண்டாம். ரெட்ரோபையோடு வரும் கார்பன் தீம் போன்ற ஒன்றை நகலெடுத்து வேறு பெயர் கொடுங்கள். மூலத்திலேயே கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் உங்கள் வேலை அழிந்துபோகும். பட்டோசெராவில் நகல் போக வேண்டிய இடம் யூசர்டேட்டாவின் தீம்ஸ் ஃபோல்டர். பட்டோசெரா ஓடும் பெட்டி நெட்வொர்க்கில் இருந்தால் விண்டோஸிலிருந்தே திறந்து போடலாம். பிறகு ஒரே ஒரு கேம் பெட்டியின் லோகோவை மட்டும் மாற்றி, மெனுவில் தீம் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அது வந்த பிறகு அடுத்தது.

லோகோ வராவிட்டால் இரண்டு சந்தேகம். ஒன்று, கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வெவ்வேறு கோப்பு. கணினியில் சரியாக வந்தது பையில் வராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இரண்டு, ஃபோல்டர் பெயர். சேகாவின் ஒரே பெட்டி வட அமெரிக்காவில் ஜெனிசிஸ், மற்ற பெரும்பாலான நாடுகளில் மெகா டிரைவ். தொகுப்பு ஒரு பெயரிலும் தீம் மறு பெயரிலும் வைத்திருந்தால் அந்த ஒரு பெட்டி மட்டும் மொட்டையாக நிற்கும். ஊகிக்க வேண்டாம். எமுலேஷன்ஸ்டேஷன் எழுதும் லாக் கோப்பைத் திறந்தால் எந்தக் கோப்பைத் தேடியது, எங்கே தடுக்கியது என்று இருக்கும்.

லோகோ சரியாக வந்தும் வலப்பக்கம் காலியாக இருந்தால் குற்றம் தீமில் இல்லை. அட்டைப் படம், வீடியோ, விளக்கம் எல்லாம் ஸ்க்ராப்பர் என்ற நிரல் இணையத்திலிருந்து சேகரித்து கேம்லிஸ்ட் கோப்பில் எழுதுபவை. அது ஓடாதவரை எந்தத் தீமும் காலிச் சட்டம்தான். இதிலும் ஒரு பொறி உண்டு: எமுலேஷன்ஸ்டேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து கேம்லிஸ்டை மாற்றினால், அது மூடும்போது தன் நினைவில் இருக்கும் பழைய பட்டியலை மேலே எழுதிவிடும். இரண்டு மணி நேர ஸ்க்ராப்பிங் ஒரு ஷட்டவுனில் போகும். முதலில் முகப்பை மூடுங்கள், பிறகு ஸ்க்ராப்பர்.

வெள்ளைத் திரை

பை 3-இல் புதிய தீம் போட்டு முகப்பில் நாலு கேம் பெட்டி தாண்டியதும் படங்கள் வெள்ளைக் கட்டங்களாக மாறும், சில நேரம் முழுத் திரையுமே வெள்ளையாகும். கார்டு போய்விட்டது என்று திரும்ப எழுதிப் பார்க்கிறவர்கள் நிறைய. நடப்பது கிராஃபிக்ஸ் நினைவகம் நிரம்புவது.

கணக்கு எளிது. படம் கார்டில் 300 கேபி இருக்கலாம், ஆனால் திரையில் காட்ட அதை விரித்தாக வேண்டும். பிக்சலுக்கு 4 பைட் வீதம் 1920×1080 படம் ஏறக்குறைய 8.3 எம்பி. 30 பெட்டிகளுக்கு 30 பின்னணி என்றால் 249 எம்பி. பை 3-இன் மொத்த நினைவகமே 1 ஜிபி, அதில் கிராஃபிக்ஸுக்கு ரெட்ரோபை ஒதுக்குவது 256 எம்பி. லோகோ, எழுத்து, வீடியோ எல்லாம் சேர்ந்தால் இடமில்லை. படத்தை ஜேபெக்காக மாற்றினாலோ அழுத்திச் சுருக்கினாலோ பயனில்லை, விரித்தால் அதே 8.3 எம்பிதான். பிக்சலைக் குறைப்பதுதான் வழி. 1280×720 ஆக்கினால் ஒரு படம் 3.7 எம்பி, 30 படம் 111 எம்பி. ஒரே நிறப் பின்னணி என்றால் 1×1 பிக்சல் படத்தை இழுத்து நிரப்பலாம், செலவு 4 பைட்.

மெனுவின் 'அதர் செட்டிங்ஸ்' பகுதியில் விராம் லிமிட் (கிராஃபிக்ஸ் நினைவக வரம்பு) என்ற அளவு இருக்கிறது. இருக்கும் நினைவகத்தைவிட அதிகம் வைத்தால் வெள்ளைத் திரை வரும். மிகக் குறைவாக வைத்தால் ஒவ்வொரு முறை நகரும்போதும் படம் திரும்ப ஏறித் திணறும். பை 3-இல் 80 எம்பியில் தொடங்கிப் பாருங்கள்.

முகப்பில் தமிழ் வேண்டுமென்றால்

பழைய எமுலேஷன்ஸ்டேஷன் எழுத்துகளை ஒவ்வொரு குறியாக எடுத்து வரிசையாக அடுக்கும், அவ்வளவுதான். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் 'கெ' என்பது உள்ளே ககரம் முதலிலும் ஒற்றைக் கொம்பு அடுத்தும் என்ற வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கும். கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்து வடிவமைக்கும் நிரலின் வேலை. அது இல்லாததால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கேம்' என்று எழுதினால் இரட்டைக் கொம்பு நடுவில் தொங்கும். தமிழ் எழுத்துரு சேர்த்தாலும் இது தீராது; சேர்க்காவிட்டால் அந்த அரைகுறைகூட வராது, கட்டம்தான். இஎஸ்-டிஇயின் புதிய பதிப்புகளில் ஹார்ஃப்பஸ் வடிவமைப்பு நிரல் சேர்ந்திருப்பதால் அங்கே நிலைமை மேல்.

மற்ற இடங்களில் வழி ஒன்றுதான்: தமிழை எழுத்தாகத் தராமல் படமாகத் தருவது. பெட்டிப் பெயர்களையும் 'பிடித்தவை' போன்ற தலைப்புகளையும் இங்க்ஸ்கேப் என்ற வரையும் நிரலில் தமிழ் எழுத்துருவில் அடித்து, எஸ்விஜி (கோடுகளாகச் சேமிக்கும் பட வடிவம்) லோகோவாகப் போடலாம். ஆனால் எழுத்தாகவே சேமித்தால் லோகோ வெற்றிடமாக வரும். பழைய கிளைகள் எஸ்விஜி வரையப் பயன்படுத்தும் நானோஎஸ்விஜிக்கு வளைகோடு தெரியும், எழுத்து தெரியாது. நிழல், மங்கல் போன்ற வடிப்பான்களும் தெரியாது. எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' அழுத்தி, 'ப்ளெயின் எஸ்விஜி' வடிவில் சேமியுங்கள். மாற்றும் முன் எழுத்தாகவே ஒரு நகல் எடுத்து வையுங்கள். கோடாக மாறிய பிறகு ஒரு சந்திப்பிழையைக்கூடத் திருத்த முடியாது, முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான்.